தயிர் சாதம் சாப்பிடுங்க, அண்ணி

அண்ணி,

இன்று காலை ஆய்வுக்கூடத்தில், காற்றுப் புகாத பெட்டிக்குள் இரண்டு நாட்களாகக் கிருமி வளரவிட்டிருந்த தட்டுகளை வெளியே எடுத்தேன். முதல் தட்டின் மூடியைத் தூக்கியதும் அந்த வாடை வந்தது. கழுவாத மாட்டுக் கொட்டகையில் யாரோ ஃபினாயிலை ஊற்றிவிட்டுப் போனது போன்ற வாடை. பதினான்கு வருடமாக நான் முகர்ந்துவரும் வாடைதான். கிருமி நன்றாக வளர்ந்திருக்கிறது என்பதற்கு அதுதான் முதல் அடையாளம். முன்பெல்லாம் அது வந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். இன்று தட்டை வைத்த இடத்திலேயே விட்டுவிட்டு, கையுறையைக் கழற்றி, கை கழுவிக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். ஆரணியில் உங்கள் அறைக்குள் நான் நுழைந்த அந்தச் சனிக்கிழமை காலையில் என் மூக்குக்கு எட்டியது இதே வாடை.

படியில் உட்கார்ந்தபடியேதான் இதை எழுதத் தொடங்கினேன். நீங்கள் போய் மூன்று வருடம் ஆகிவிட்டது. உங்களிடம் ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டிய நாட்களில் நீங்கள் என் எதிரிலேயே படுத்திருந்தீர்கள். நான் டாக்டர்களிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் பன்னிரண்டாம் வகுப்பு. நாத்தனார் என்றால் ஒரு அடி தள்ளி நிற்க வேண்டும் என்று உங்களுக்கு யாரோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். நீங்கள் ஒரு வாரம்கூட அப்படி நிற்கவில்லை. எட்டாம் நாளே என் தலைமுடியைப் பிடித்துச் சிக்கெடுத்துக்கொண்டே, "இன்னாத்துக்கு பாப்பா இவ்ளோ படிக்கிற, கண்ணு போயிடப் போவுது" என்றீர்கள். ஆனால் நான் மைக்ரோபயாலஜிதான் படிப்பேன் என்று அடம்பிடித்தபோது அண்ணனிடம் எனக்காகப் பேசியது நீங்கள். அது என்ன படிப்பு என்று உங்களுக்குத் தெரியாது. "அது படிக்கணும்னு சொல்லுதுல்ல, படிக்கட்டும் வுடுங்க" என்று மட்டும் சொன்னீர்கள்.

நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஆரணிக்கு ஒரு ஐஸ் பெட்டியும் ஒரு பை நிறைய பிளாஸ்டிக் டப்பாக்களுமாக வந்து இறங்கினேன். கூடத்தில் அவற்றைப் பரப்பி வைத்ததும், "இன்னா பாப்பா இது, ஊறுகா போடப் போறியா?" என்றீர்கள்.

"இல்ல அண்ணி. மலம் வேணும். நோய் நொடி இல்லாதவங்களோடது. நம்ம தெருவுல முப்பது பேர்கிட்ட கேக்கணும்."

நீங்கள் கையிலெடுத்த டப்பாவைக் கீழே வைத்தீர்கள். "இதுக்காடி இவ்ளோ படிச்ச?"

நான் கேட்டிருந்தால் அந்தத் தெருவில் ஒருவர்கூடக் கொடுத்திருக்க மாட்டார். நீங்கள் அன்று மாலை செருப்புக் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, முகம்கூடக் கழுவாமல், டப்பாக்களை முந்தானையில் அள்ளிக்கொண்டு வீடு வீடாகப் போனீர்கள். நான் பின்னால் நோட்டுப் புத்தகத்தோடு வந்தேன். "எங்க நாத்தனா டாக்டர் கேக்குது. நாளைக்குக் காலையில ஜல்தியா குடுத்துடணும். வெக்கப்படாத, பேரு எழுத மாட்டாங்க, நம்பருதான்." எதிர் வீட்டில் தறியில் உட்கார்ந்திருந்தவர், "இதையும் வுட மாட்டீங்களாம்மா?" என்று கேட்டார். "குப்பையில போறதுதான, நாட்டுக்கு உதவட்டும்" என்று அவர் தறி மேலேயே டப்பாவை வைத்துவிட்டு வந்தீர்கள். மறுநாள் காலை முதலில் வந்தது உங்கள் டப்பா. அதில், நோட்டில் இருந்த வீட்டு வரிசைப்படி, பதினொன்று என்று நான் எண் ஒட்டினேன்.

அன்று அடுப்படியில் உட்கார்ந்து, எதற்கு இதெல்லாம் என்று கேட்டீர்கள். குடலுக்குள் கோடிக்கணக்கில் நல்ல கிருமிகள் குடியிருக்கின்றன என்றும், அவை இருக்கும் வரை நான் ஆராயும் கெட்ட கிருமி ஓரமாக ஒடுங்கிக் கிடக்கும் என்றும், ஆன்டிபயாடிக் மாத்திரை நல்லவற்றையெல்லாம் கொன்றுவிட்டால் இது எழுந்து பெருகி விஷம் கக்கும் என்றும் சொன்னேன். கிருமியின் பெயரையும் சொன்னேன், டிஃபிசில் என்று. நீங்கள் வெங்காயம் அரிந்துகொண்டே கேட்டீர்கள்.

"எங்க கம்பெனி பஸ்ஸு மாரி" என்றீர்கள். "எல்லா சீட்டுலயும் ஆளு உக்காந்துகினு இருந்தா, நடுவுல திருடன் ஏறுனாலும் நின்னுகினுதான் வரணும். எல்லாரையும் எறக்கி வுட்டா அவன் கால நீட்டிப் படுத்துக்குவான். அதான?"

அதுதான் அண்ணி. அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பிறகு எத்தனையோ கூட்டங்களில், எத்தனையோ மருத்துவ மாணவர்கள் முன்னால், உங்கள் கம்பெனி பஸ்ஸை நான் ஓட்டியிருக்கிறேன். உங்கள் பெயரைச் சொன்னதில்லை.

இதை இத்தனை விவரமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உங்களுக்கு என்ன நடந்ததோ அது எனக்குத் தெரியாத ஏதோ ஒன்றால் நடக்கவில்லை. நம் இரண்டு பேருக்கும் தெரிந்ததால்தான் நடந்தது.

செய்யாரில் செருப்புக் கம்பெனியில் மேல்தோல் தைக்கும் லைனில் உங்களுக்கு வேலை. அந்த மாதம் கடைவாய்ப் பல் வீங்கி, கன்னம் ஒரு பக்கம் உப்பி, கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு தைத்தீர்கள். பல் டாக்டர் ஏழு நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். பல்லுக்கு அது சரியான மாத்திரைதான். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஐந்தாம் நாள் நீங்கள் எனக்கு வாட்ஸாப்பில் குரல் அனுப்பினீர்கள். எழுதுவது உங்களுக்குப் பிடிக்காது, எல்லாருக்கும் குரல்தான்.

"பாப்பா, பல்லு வலி கொறஞ்சிடுச்சு. ஆனா நேத்துலேர்ந்து வயிறு ஓடிகினே கீது. மாத்திரைய நிறுத்திடட்டுமா?"

அன்று மாலைக்குள் ஒரு அறிக்கையை அனுப்பியாக வேண்டும். நான் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு நடந்துகொண்டே உங்களுக்குப் பதில் பேசினேன். "அண்ணி, ஆன்டிபயாடிக்க பாதியில நிறுத்தக் கூடாது. கோர்ஸ முழுசா முடிச்சுடுங்க. வயிறு அதனாலதான். தயிர் சாதம் சாப்பிடுங்க, சரியாயிடும்." எல்லாருக்கும் சொல்லும் பதில். பத்து பேரில் ஒன்பது பேருக்கு அது சரியாகவே இருக்கும். அறிக்கை எதைப் பற்றி என்று கேட்பீர்கள். ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களுக்கு வரும் வயிற்றுப்போக்கைப் பற்றித்தான்.

ஏழாம் நாள் இன்னொன்று அனுப்பினீர்கள். "இன்னிக்கு எட்டு தபா போயிட்டேன் பாப்பா. லைன்ல சும்மா சும்மா எழுந்து போனா சூப்பர்வைசர் மூஞ்சியக் காட்டுது. அதான் மெடிக்கல்ல பேதி நிக்கிறதுக்கு மாத்திரை வாங்கிப் போட்டுகினேன். நின்னுகினு இருக்குது. நாத்தம்தான் ஒரு தினுசா கீது." குடலுக்குள் விஷம் இருக்கும்போது அதை வெளியே போகவிடாமல் பிடித்து நிறுத்தும் மாத்திரை அது. வாடையைப் பற்றிக்கூடச் சொல்லியிருந்தீர்கள். என் படிப்பு முழுவதும் உங்கள் நாலைந்து வாக்கியங்களுக்குள் இருந்தது. நான் கூட்டத்தில் உட்கார்ந்து மேசைக்கு அடியில் பாதி கேட்டேன். கட்டைவிரல் உயர்த்திய படம் ஒன்றைப் பதிலாக அனுப்பினேன்.

அதற்குப் பிறகு நீங்கள் எதுவும் அனுப்பவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணன் கூப்பிட்டார். அரிசி மில்லில் பாய்லர் பார்க்கிறவர், எப்போதும் சத்தமாகப் பேசுவார். அன்று குரல் அடங்கியிருந்தது. "உங்க அண்ணி எழுந்திரிக்கவே மாட்டேங்கறா. காய்ச்சல் வேற. நர்சிங் ஹோம்ல சேத்து ரெண்டு நாளாச்சு. உன்ன பேஜார் பண்ண வேணாம்னா."

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் வந்தேன். நேராக நர்சிங் ஹோம். உங்கள் அறைக் கதவைத் திறந்தேன். வாடை வந்தது. உங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் சிரித்தீர்கள், உதடு வெடித்திருந்தது. "வந்துட்டியா? வேலையெல்லாம் வுட்டுட்டா வந்த?" என்றீர்கள். நான் உங்கள் கையைப் பிடிக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் தொங்கிய மருந்துப் பையைத் திருப்பி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தேன். டைபாய்டாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு இன்னொரு ஆன்டிபயாடிக் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

அங்கிருந்த டாக்டர் வயதானவர், பொறுமையானவர். நான் படபடவென்று பேசியதை முழுவதும் கேட்டார். "நான் இதைப் புஸ்தகத்துலதாம்மா படிச்சிருக்கேன். நீங்க தினம் பாக்கறீங்க. நீங்க சொல்றதுதான் சரியா இருக்கும்" என்று அந்த மருந்தை உடனே நிறுத்தினார். சென்னைக்கு அனுப்ப ஆம்புலன்ஸுக்கும் அவரே சொன்னார். நான் சொல்வதுதான் சரியாக இருக்கும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு அங்கே நின்றேன்.

சென்னை மருத்துவமனையில் மறுநாளே முடிவு வந்துவிட்டது. டிஃபிசில்தான். அங்கே குடல் நோய்ப் பிரிவின் தலைமை டாக்டரை எனக்கு வேலை மூலமாகத் தெரியும். உங்கள் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவருமாக நின்று பேசினோம். சர்க்கரையும் இருக்கிறது, வயிறு உப்புகிறது, குடல் அசைவது குறைந்துவிட்டது. எதிலிருந்து தொடங்கியது என்று அவர் கேட்டார். பல்லுக்குச் சாப்பிட்ட ஆன்டிபயாடிக், ஏழு நாள் முழுக் கோர்ஸ் என்று சொன்னேன். "வயித்துப்போக்கு ஆரம்பிச்சதுமே நிறுத்தியிருந்தா இவ்ளோ தூரம் போயிருக்காது" என்றார். அவர் எனக்குச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார்.

நீங்கள் கண்ணை மூடியிருந்தீர்கள். தூங்குகிறீர்கள் என்று நினைத்திருந்தேன். அவர் போனதும் கண்ணைத் திறக்காமலே கேட்டீர்கள்.

"எல்லாரையும் பஸ்ஸ வுட்டு எறக்கி வுட்டுட்டோமா பாப்பா?"

நீங்கள் "எறக்கி வுட்டுட்ட" என்று சொல்லவில்லை. "வுட்டுட்டோமா" என்றீர்கள். அந்த "ஓம்" என்ற பன்மையை வைத்துக்கொண்டு நான் மூன்று வருடமாக என்ன செய்வது என்று தெரியாமல் இருக்கிறேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஜெனியைக் கூப்பிட்டு உங்கள் போனைக் கேட்டீர்கள். அப்போது உங்கள் மகளுக்குப் பதினெட்டு, கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு உங்கள் காலடியிலேயே இருந்தாள். ஊசி குத்தியிருந்த கையால் போனைப் பிடித்துக்கொண்டு, கட்டைவிரலால் வெகுநேரம் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தீர்கள். போட்டோ பார்க்கிறீர்கள் என்று நினைத்தேன்.

மருந்து பிடிக்கவில்லை. மிச்சம் இருந்த வழி ஒன்றுதான். ஆரோக்கியமான ஒருவரின் மலத்திலிருந்து நல்ல கிருமிகளை எடுத்து உங்கள் குடலுக்குள் செலுத்துவது. டாக்டர் ஒப்புக்கொண்டார். கொடுப்பவருக்கு ரத்தமும் மலமும் சோதிக்க வேண்டும், மருத்துவமனைக் குழு கையெழுத்துப் போட வேண்டும், எவ்வளவு விரட்டினாலும் இரண்டு நாள். அண்ணனிடம் கான்டீனில் வைத்துச் சொன்னேன். டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் கேட்டார்.

"அதக் குடுத்தா பொழச்சுக்குவாளா?"

"வாய்ப்பு இருக்குதுண்ணா."

"அப்ப எவ்ளோ வேணுமோ எடுத்துக்கச் சொல்லு."

உங்களிடம் வந்து சொன்னபோது உங்களுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு வலித்தது, அதனால் மூச்சால் சிரித்தீர்கள். "இருபது வருஷமா வெளிய இருந்துகினு குடுத்த தொல்லை போதாதா, இப்ப உள்ளயும் வர்றாரா அந்த மனுஷன்?" அண்ணன் உங்கள் தலைமாட்டில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதுதான் நாங்கள் நான்கு பேரும் சேர்ந்து சிரித்த கடைசித் தடவை.

முதல் நாள் மதியம், சோதனை முடிவுக்குக் காத்திருந்த நேரத்தில், நான் ஒரு ஆட்டோ பிடித்து என் ஆய்வுக்கூடத்துக்குப் போனேன். எதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லை. பழைய மாதிரிகள் உறைந்து கிடக்கும் ஃப்ரீசரைத் திறந்து, பனியைச் சுரண்டி, ஒவ்வொரு அடுக்காக இழுத்துப் பார்த்தேன். விரல்கள் மரத்துப்போயின. கிடைத்தது. பதினொன்று. நோய் இல்லாத காலத்து உங்கள் குடல், பஸ் நிறைய ஆட்களோடு. சுண்டுவிரல் நுனி அளவு. மரபணு பார்ப்பதற்காக மட்டும் எடுத்து வைத்தது, உள்ளே இருந்தவை எல்லாம் அப்போதே செத்துப்போயிருக்கும். அது ஃப்ரீசரைத் திறப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். தெரிந்தும் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, உறைந்தது உருகி நனையும்வரை நின்றேன். பிறகு துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். படித்தவள் செய்கிற காரியமா அது? ஆனால் அன்று எனக்கு மிச்சம் இருந்த ஒரே காரியம் அதுதான்.

இரண்டாம் நாள் பகல் இரண்டு மணிக்குக் குழுவின் கையெழுத்து வந்தது. அண்ணனின் சோதனை முடிவுகளில் ஒன்று மட்டும் பாக்கி. மூன்று மணிக்கு உங்கள் வயிறு பலகை போல ஆகிவிட்டது. ரத்த அழுத்தம் இறங்கியது. பெருங்குடலை எடுத்தால்தான் உண்டு என்று அறுவை அரங்குக்குக் கொண்டுபோனார்கள். ஸ்ட்ரெச்சரில் போகும்போது ஜெனியிடம், "அத்த சாப்புடல, கூட்டிம்போய் எதனா வாங்கிக் குடு" என்றீர்கள். உங்களிடமிருந்து நான் நேரில் கேட்ட கடைசி வார்த்தை என்னைப் பற்றியது. அதற்குப் பிறகு நீங்கள் கண் திறக்கவில்லை. அறுவை முடிந்த நான்காம் நாள் காலை பத்தரைக்கு எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

ஆரணியில் உங்களைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோன அன்று எதிர் வீட்டுத் தறி ஓடவில்லை. டப்பா வாங்கிய வீடுகளிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். கம்பெனி பஸ்ஸே ஒன்று நிறைய ஆட்களோடு வந்து தெருமுனையில் நின்றது. அண்ணன் வந்த ஒவ்வொருவரிடமும் என்னைக் காட்டி, "தங்கச்சி ரொம்பப் போராடுச்சு. அது இல்லன்னா ஆரணியிலயே முடிஞ்சிருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உங்கள் கூட வேலை செய்த பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "உங்களப் பத்தித்தான் எப்பவும் பேசிகினு இருக்கும்" என்றார்கள். எல்லாருக்கும் தலையாட்டினேன். எனக்கு அந்தக் குழிக்குள் இறங்கிவிட வேண்டும் போல இருந்தது. அழகாகச் சொல்ல வேண்டும் என்று இதை எழுதவில்லை, அண்ணி. உண்மையிலேயே எவ்வளவு ஆழம் என்று பார்த்தேன்.

ஒரு மாதம் கழித்து ஜெனி உங்கள் போனோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நீங்கள் ஒவ்வொருவருக்கும் அனுப்பிய குரல்களைத் தேடித் தேடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். உங்களுக்கும் எனக்குமான பக்கத்தைத் திறந்து காட்டினாள்.

"அந்த ரெண்டு வாரம் எல்லாருக்கும் எதனா பேசி அனுப்பியிருக்காங்க அத்த. உங்களுக்கு மட்டும் ஒண்ணுமே இல்ல. அம்மா உங்ககிட்ட சொல்லவேயில்லியா?"

அந்த இரண்டு வாரத்துக்கான இடம் காலியாக இருந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, ஊசி குத்திய கையோடு நீங்கள் எதைத் தேய்த்துக்கொண்டிருந்தீர்கள் என்று. உங்கள் கேள்வியையும் என் பதிலையும் அந்தக் கட்டைவிரல் படத்தையும் தேடி எடுத்து அழித்திருக்கிறீர்கள். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்டுவிடக் கூடாது என்று. செத்துக்கொண்டிருந்தபோது நீங்கள் செய்து முடித்த வேலை அது.

உங்கள் போனில்தான் அழிந்தது. என் போனில் அப்படியே இருந்தது. பைக்குள், என் தொடைமேல்.

"இல்லியே ஜெனி. அந்த வாரம் பேசல" என்றேன்.

மூன்று வருடம் அந்தப் பொய்யில் வாழ்ந்தேன். வேலைக்குப் போனேன். கூட்டங்களில் பேசினேன், உங்கள் பஸ்ஸை மட்டும் விட்டுவிட்டேன். ஒரு கூட்டத்தில் ஒரு அம்மா எழுந்து, ஆன்டிபயாடிக் சாப்பிடும்போது வயிறு போனால் தயிர் சாப்பிட்டால் போதுமா என்று கேட்டார். நான் மைக்கைப் பக்கத்து நாற்காலிக்கு நீட்டினேன். பக்கத்தில் இருந்தவர் பதில் சொன்னார். அண்ணன் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் கூப்பிட்டபோதெல்லாம் வேலை என்று சொன்னேன். போய் உட்கார்ந்தால் அவர் நன்றி சொல்லுவார்.

போன மாதம் உங்கள் நினைவு நாள் ஜெபத்துக்குத் தப்ப முடியவில்லை. போனேன். எல்லாரும் கிளம்பிய பிறகு அண்ணன் நாற்காலியை என் எதிரில் இழுத்துப் போட்டுக்கொண்டார். மெலிந்திருந்தார். ஜெனி தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, ஒண்ணு கேக்கணும். அவ போனு தண்ணியில வுழுந்து செத்துப்போச்சு. கடையில குடுத்துப் பாத்தோம், ஒண்ணுமே எடுக்க முடியல. என் போன்ல ஒண்ணும் இல்ல, நாங்க ஒரே வூட்ல இருந்தோம், எனக்கு எதுக்கு அனுப்பப் போறா. கம்பெனில கேட்டேன், சொந்தக்காரங்ககிட்ட கேட்டேன், எல்லாம் அழிச்சிட்டாங்க. உன்கிட்ட அவ குரல் எதனா கீதா? எனக்கு மறந்துகினே போவுது."

ஜெனி தட்டுகளை அடுக்குவதை நிறுத்தவில்லை. "அத்தகிட்ட இல்லப்பா. நான் அப்பவே கேட்டுட்டேன்" என்றாள்.

உங்களுக்குப் பல் வலி வந்த அந்த மாதத்தில்தான் நான் போன் மாற்றியிருந்தேன், பழையவை எதுவும் வரவில்லை. என்னிடம் இருந்தது அந்தப் பல் வலி நாட்களின் குரல் மட்டும்தான். உலகத்தில் மிச்சம் இருந்த உங்கள் குரல் அவ்வளவுதான், அது என்னிடம் இருந்தது. உங்கள் குரல் வேண்டுமென்றால் உங்கள் கேள்வியும் கூட வரும்.

நீங்கள் எனக்காக அழித்ததை நான் வெளியே எடுத்தேன். "இருக்குதுண்ணா" என்றேன். போனை அவர் மடியில் வைத்து அழுத்தினேன்.

"பாப்பா, பல்லு வலி கொறஞ்சிடுச்சு" என்று நீங்கள் பேசினீர்கள். அண்ணன் இரண்டு கையாலும் போனை மூடிப் பிடித்துக்கொண்டார், குருவியைப் பிடிப்பது போல. மாத்திரையை நிறுத்திவிடட்டுமா என்று கேட்டு முடித்தீர்கள். ஒரு சின்ன சத்தத்தோடு போன் தானாகவே அடுத்ததற்குப் போனது. என் குரல். நடந்துகொண்டே பேசிய, அவசரமான, நிச்சயமான குரல். தயிர் சாதம் சாப்பிடுங்க, சரியாயிடும்.

போன் அங்கேயும் நிற்கவில்லை. இன்னொன்று இருந்திருக்கிறது. என் பதிலுக்கு நீங்கள் உடனே அனுப்பியது, "சரி" என்றுதான் இருக்கும் என்று நான் திறக்காமலே விட்டது. அன்றுதான் முதல் தடவை கேட்டேன்.

"சரி பாப்பா. நீ சொன்னா சரி." அப்புறம் கொஞ்சம் சிரிப்பு. பின்னால் தறிச் சத்தம். அடுத்து ஏழாம் நாள் குரலும் ஓடி முடிந்தது, எட்டு தபா போனது, பேதி மாத்திரை, நாற்றம்.

ஜெனி தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை, காலைத்தான் பார்த்தேன்.

"உங்களுக்குத் தெரிஞ்ச விஷயம்தான அத்த இது?"

"தெரிஞ்ச விஷயம்தான்."

"அப்புறம் ஏன்?"

"அன்னிக்கு நெனப்பு வரல ஜெனி."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சத்தமாகச் சாத்தவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை என்னோடு பேசவில்லை. பேச வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

அண்ணன் என்னைத் திட்டவில்லை. அவருக்குப் புரிந்ததா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. புரிந்திருக்கும், அவர் ஒன்றும் அறியாதவர் இல்லை. போனை என் பக்கம் நீட்டி, "இன்னொரு தபா போடு" என்றார். போட்டேன். இரண்டாம் தடவை என் குரல் வரும் இடத்தில் நிறுத்தப் போனேன். அவர் என் கையை விலக்கினார். "நிறுத்தாத. அப்புறம்தான அவ சிரிக்கிறா" என்றார்.

எல்லாவற்றையும் அவர் போனுக்கு அனுப்பிவிட்டு வந்தேன். அவருக்குத் தேடி எடுக்கத் தெரியவில்லை, ஜெனி போட்டுத்தர மறுக்கிறாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வந்ததும் என்னைக் கூப்பிடுகிறார். நலம் விசாரிப்பதில்லை. "போடு" என்பார். நான் வேறொரு போனில் உங்கள் குரலை ஓடவிட்டு, அதை இந்தப் போனின் வாயில் பிடித்துக்கொண்டு நிற்பேன். நீங்கள் கேட்கிறீர்கள். நான் பதில் சொல்கிறேன். நீங்கள் சரி என்கிறீர்கள். அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்கும். வாரா வாரம், அண்ணி, உங்கள் சிரிப்பைக் கேட்பதற்கு நாங்கள் இரண்டு பேரும் என் குரலைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.